ரூட் கேனால் சீலர் தீசிஸ்: மெத்திலீன் புளூ போதுமா, வேறு வழி உண்டா?

முதல்வருடப்பிஜி:

வணக்கம். கன்சர்வேட்டிவ் (பல் அடைப்பு, ரூட் கேனால் பிரிவு) எம்டிஎஸ், அதாவது பல் மருத்துவ முதுகலை (பிஜி), முதல் வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் தீசிஸுக்கான சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டம்) கொடுக்க வேண்டும். தலைப்பு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. மூன்று சீலர்களில் (வேர்க்குழாயை நிரப்பும்போது இடுக்குகளை அடைக்கப் பூசும் பசை) எது வேர்க்குழாயை நன்றாக அடைக்கிறது என்று பார்ப்பது. ஏஎச் பிளஸ் என்ற எபாக்ஸி ரெசின் சீலர் ஒன்று, துத்தநாக ஆக்சைடு யூஜினால் ஒன்று, மூன்றாவது இப்போது எல்லோரும் பேசும் கால்சியம் சிலிகேட் சீலர்.

ஆர்த்தோவுக்காக (பல் வரிசை சீரமைப்புக்காக) பிடுங்கிய கீழ் பிரீமோலர்கள் (முன்கடைவாய்ப் பற்கள்) 72 சேர்த்திருக்கிறேன். 0.1% தைமால் கரைசலில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒற்றைக் குழாய் உள்ளவை 60 தேறும்.

எங்கள் துறை அலமாரியில் உள்ள பழைய தீசிஸ்களைப் புரட்டினால் பெரும்பாலும் மெத்திலீன் புளூதான், அதாவது அடைத்த பல்லை அந்த நீலச் சாயத்தில் போட்டு எவ்வளவு தூரம் உள்ளே கசிந்தது என்று பார்ப்பது. கைடும் அதையே சொல்கிறார். ஆனால் இதழ்களில் தேடினால் ஒருவர் பாக்டீரியா வைக்கிறார், ஒருவர் குளுக்கோஸ் வைக்கிறார், ஒருவர் தண்ணீரை அழுத்தி ஒரு காற்றுக்குமிழி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கிறார். ஒரே சீலர் ஒரு சோதனையில் முதலிடம், இன்னொன்றில் கடைசி. எதை நம்புவது? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டென்டல்டைகர்:

சாயமே போதும் தம்பி. வேர்நுனியை மட்டும் விட்டுவிட்டு நெயில் பாலிஷ் இரண்டு கோட், சாயத்தில் மூன்று நாள், டிஸ்க் போட்டுப் பிளந்து ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் மி.மீ. கணக்கு. மூன்று வாரத்தில் கை கழுவிவிடலாம். மீதி நேரத்துக்குக் கேஸ் செய்து கை பழக்கிக்கொள். எம்டிஎஸ் முடித்த பிறகு உன் தீசிஸை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

நீலவிரல்:

மேலே டைகர் சொன்னபடியே செய்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

என் தீசிஸ் 2012ல். வேர்நுனியை 3 மி.மீ. வெட்டி, 3 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து அடைப்பது. எம்டிஏ (இதுவும் கால்சியம் சிலிகேட் வகைப் பல் சிமென்ட்) ஒரு குழு, கிளாஸ் அயனோமர் ஒரு குழு, அமால்கம் ஒரு குழு. குழுவுக்கு 15 பல். 1% மெத்திலீன் புளூவில் 72 மணி நேரம். பிளந்து பார்த்தால் எம்டிஏ குழுவில் நீலம் அங்கங்கே ஒரு கீற்று, அவ்வளவுதான். அமால்கத்தில் குழியின் அடிவரை நீலம். கைடுக்கு ஏக சந்தோஷம். வைவாவில் வெளித்தேர்வாளர் படங்களைப் பார்த்து 'நைஸ்' என்றார். எந்தக் கேள்வியும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாள். கிளினிக்கில் ஆளில்லை. கணினியில் சேர்த்து வைத்திருந்த பழைய கட்டுரைகளை மேய்ந்துகொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வூ, வெஸ்ஸலிங்க் குழுவினர் 1998ல் எழுதியது. பல் அடைக்கும் பொருள்களைத் தொட்டால் மெத்திலீன் புளூ கரைசலே நிறம் இழக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். இழக்கிறது. நிறம் போக்கும் பொருள்களில் எம்டிஏ உண்டு, கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டு.

படித்ததும் எழுந்து போய் கிளினிக்கில் இருந்த எம்டிஏவைக் கொஞ்சம் குழைத்து, இறுகவிட்டு, வெளிர்நீலமாகக் கரைத்த சாயத்தில் போட்டு வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் வெறும் சாயம். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை அந்த இரண்டு பாட்டிலையும் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. ஒரு வாரத்தில் எம்டிஏ பாட்டில் வெளுத்துவிட்டது. மற்றது அப்படியே இருந்தது.

எம்டிஏ குழைத்தவுடன் பிஎச் 10.2, மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறும் என்பது பிஜி எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிக்கும் விஷயம். நானும் வைவாவில் ஒப்பித்தேன். அந்தக் காரத்தில் சாயம் என்ன ஆகும் என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை. என் 15 பல்லிலும் சாயம் உள்ளே போகவில்லையா, அல்லது போன சாயம் வெளுத்துவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பல்லெல்லாம் வெட்டியாகிவிட்டது. எம்டிஏ மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். டொராபினஜாட் குழுவினர் 1993ல் அதைச் சோதித்தபோது ரோடமின் பி என்ற ஒளிரும் சாயத்தை எடுத்துக்கொண்டு கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். அவர்கள் கணக்கு வேறு. என் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு நான் கொடுத்த சாட்சி செல்லாது.

தம்பி, உங்கள் மூன்றாவது சீலர் கால்சியம் சிலிகேட். இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு விடும். நான் விழுந்த அதே குழி.

இது ஒன்று மட்டுமா என்றால் இல்லை. முதல் தவணையில் என் நெகட்டிவ் கன்ட்ரோல் பல்லே நீலமாகிவிட்டது. முழுக்கப் பாலிஷ் அடித்த பல், ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது. காரணம் தேடினால், நான் வாங்கியது நிறமில்லாத நெயில் பாலிஷ். எங்கே விட்டுப்போச்சு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அப்புறம் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் அடர் சிவப்பில் ஆறு பாட்டில் கேட்டபோது கடைக்காரம்மா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காற்றுப் பிரச்சினை இன்னொன்று. ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் மூடிக்கொண்டு டம்ளரில் இறக்கிப் பாருங்கள், தண்ணீர் ஏறாது. சீலருக்கும் பல் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கும் அப்படித்தான். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் வழி திறந்தே இருந்தாலும் சாயம் முழுக்கப் போகாது. 1989லேயே இதை எழுதிவிட்டார்கள், முதலில் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்துவிட்டுச் சாயத்தை விடச் சொன்னார்கள். பக்கத்துப் பார்மசி காலேஜில் வேக்குவம் டெசிகேட்டர் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

பிளப்பதிலும் சூது இருக்கிறது. நீங்கள் பிளக்கும் கோட்டில்தான் கசிவு ஓடியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பின்பக்கமாகப் போயிருந்தால் அந்தப் பல் 'நல்ல பல்' ஆகிவிடும். அதைத் தவிர்க்க, நைட்ரிக் அமிலத்தில் சுண்ணத்தை எடுத்து, ஆல்கஹாலில் ஈரத்தை எடுத்து, மெத்தில் சாலிசிலேட்டில் போட்டுப் பல்லையே கண்ணாடி மாதிரி ஆக்கும் முறை உண்டு. அறை முழுக்கத் தலைவலித் தைல வாசனை வரும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அமிலத்திலும் ஆல்கஹாலிலும் மெத்திலீன் புளூ கரைந்து போய்விடும் என்பதால் அங்கே இந்தியா இங்க்தான் வைக்க வேண்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கிடைப்பது என்ன? மெத்திலீன் புளூவின் மூலக்கூறு எடை சுமார் 320. பாக்டீரியாவை அதன் பக்கத்தில் வைத்தால் கடுகுக்குப் பக்கத்தில் யானை. கடுகு போகும் வழியில் யானை போகும் என்று சொல்ல முடியாது. ஆலிவரும் அபட்டும் 2001ல் ஒன்று செய்தார்கள். வாயில் வேலை செய்துகொண்டிருந்து, பிறகு பிடுங்கப்பட்ட, ரூட் கேனால் ஆன பற்களையே எடுத்து நுனியில் சாயம் வைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சாயம் ஏறியது. நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தராத பல் உட்பட. 2007ல் ஜர்னல் ஆஃப் எண்டோடாண்டிக்ஸ் ஆசிரியர் குழு தலையங்கமே எழுதிவிட்டது, இந்த மாதிரி எது நன்றாக அடைக்கிறது என்ற ஒப்பீடுகளை இனி எங்களுக்கு அனுப்பாதீர்கள் என்கிற பொருளில். நான் தீசிஸ் எழுதும்போது அந்தத் தலையங்கத்துக்கு ஐந்து வயது. நான் படிக்கவில்லை, என் கைடும் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்று என்னைச் செய்யச் சொன்னால் நீங்கள் சொன்ன அந்தக் குமிழி முறையைத்தான் செய்வேன். பல்லின் மேல்பக்கம் அழுத்தத்தில் தண்ணீர், நுனிப்பக்கம் மெல்லிய கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி. பல்லுக்குள் வழி இருந்தால் தண்ணீர் நகரும், குமிழியும் நகரும். பல்லைப் பிளக்க வேண்டாம். அதே பல்லை ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் திரும்ப மாட்டி அளக்கலாம். நாளாக நாளாகச் சீலர் கரைகிறதா என்பது அதில்தான் தெரியும். என் 45 பல்லுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அதிலும் குறை உண்டு. மேலிருந்து கீழ்வரை திறந்த வழி இருந்தால்தான் குமிழி அசையும். நடுவில் முட்டுச்சந்தாக நிற்கும் பொந்து கணக்கில் வராது. அழுத்தமும் சில ஆய்வுகளில் 120 கிலோ பாஸ்கல் வரை வைக்கிறார்கள். நான்கு மாடி உயரத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மாதிரி. எந்த வாயிலும் அப்படி இல்லை.

அகார்அக்கா:

நான் பல் டாக்டர் இல்லை, மைக்ரோபயாலஜி லேப். வருடத்துக்கு இரண்டு மூன்று பிஜிக்கள் பல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் இதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

பாக்டீரியா வைத்தால்தான் நிஜம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அமைப்பு எளிது. எப்பென்டார்ஃப் குழாயின் அடியை வெட்டி அதில் பல்லைச் செருகி ஒட்டுவது, மேலே என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ், கீழே பாட்டிலில் பிஎச்ஐ பிராத் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்), வேர்நுனி 2 மி.மீ. அதில் முங்கியிருக்கும். கீழ்பாட்டில் கலங்கினால் கசிந்துவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். டொராபினஜாட் குழுவினர் 1990ல் செய்ததும் இப்படி ஒரு சோதனைதான். மேல்மூடி இல்லாத வேர்களில் பாதிக்கும் மேலானவற்றை ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் 19 நாளில் முழு நீளமும் கடந்தது, புரோட்டியஸ் வல்காரிஸ் பாதி வேர்களை 42 நாளில்.

கலங்குவது மட்டும்தான் தெரியும், எவ்வளவு கசிந்தது என்று தெரியாது. ஒரே ஒரு பாக்டீரியா வந்தாலும் மறுநாள் பாட்டில் முழுக்கக் கலங்கும், ஆயிரம் வந்தாலும் அதே கலங்கல். அப்புறம், எந்த வழியாக வந்தது? பல்லுக்குள்ளேயா, பல்லுக்கும் எப்பென்டார்ஃபுக்கும் நடுவில் நீங்கள் வைத்த மெழுகு வழியாகவா? ஒரு பையன் வந்தான், 40 பாட்டில். மூன்றாம் நாளே 11 கலங்கியது. எடுத்து கிராம் ஸ்டெயின் போட்டால் நீள நீளமாகக் கோல் வடிவம். நாங்கள் மேலே விட்டதோ உருண்டை. பிராத் மாற்றும்போது அவன் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ விழுந்தது. பார்க்காமல் எழுதியிருந்தால் 11 பல் 'கசிவு' என்று தீசிஸில் ஏறியிருக்கும். கலங்கிய ஒவ்வொரு பாட்டிலையும் பைல் எஸ்குலின் தட்டில் தேய்த்துக் கறுக்கிறதா என்று பாருங்கள். அதைச் செய்ய ஆள் இல்லை என்றால் இந்த முறை வேண்டாம்.

இன்னொன்று, கட்டா பெர்ச்சா (வேர்க்குழாயை நிரப்பும் ரப்பர் போன்ற பொருள்) வைத்த பல்லை ஆட்டோகிளேவில் போட முடியாது, உருகிவிடும். எத்திலீன் ஆக்சைடு வசதி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். 60 நாள், 90 நாள் இன்குபேட்டரை உங்களுக்காக ஒதுக்கவும் யாராவது சம்மதிக்க வேண்டும். எங்கள் லேபில் நான் சம்மதிக்க மாட்டேன்!

குளுக்கோஸ் முறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1 மோலார் கரைசல், 14 செ.மீ. உயரம், கீழே சேரும் குளுக்கோஸை என்சைமால் அளப்பது. எண்ணாக வருவதால் பிஜிக்களுக்குப் பிடிக்கும். ஆனால் எம்டிஏ, கால்சியம் ஹைட்ராக்சைடு வகையறா குளுக்கோஸோடும் வினைபுரிந்து அளவைக் குறைக்கின்றன என்று 2008ல் வந்துவிட்டது. நீலவிரல் டாக்டர் சொன்ன கதைதான், நிறம் மட்டும் இல்லை.

முதல்வருடப்பிஜி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. கைடிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். 'போன பேட்ச் எல்லாம் செய்ததுதானே, உனக்கு மட்டும் என்ன' என்றார். குமிழி முறைக்கு உபகரணம் கிடையாது, மைக்ரோ சிடி (மிக நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன்) வெளியில் கொடுத்தால் செலவு என்கிறார். கோபமாக இல்லை, ஆனால் கேட்கவும் இல்லை. முதல் வருடத்திலேயே எதிர்த்துப் பேச எனக்கும் தைரியம் வரவில்லை.

நீலவிரல்:

எதிர்த்துப் பேச வேண்டாம். கட்டுரையை நீட்டினால் 'இப்படி நூறு கட்டுரை இருக்கு' என்பார்கள். பாட்டிலை நீட்டுங்கள். மூன்று சீலரையும் ஒரே அளவில் வட்டமாக ஊற்றி இறுகவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிர்நீலக் கரைசலில் போட்டு, நான்காவதாக வெறும் சாயம். 1% கரைசலை அப்படியே வைக்காதீர்கள், அது மை மாதிரி இருக்கும், பாதி வெளுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 37 டிகிரியில் வைத்து, தினமும் வெள்ளைத் தாளை பின்னால் பிடித்து போனில் ஒரு படம். ஒரு பல்லும் வீணாகாது.

மைக்ரோ சிடி பற்றிக் கேட்டதால்: பொந்து எங்கே இருக்கிறது, எவ்வளவு கன அளவு என்று பல்லை உடைக்காமல் காட்டும், அது பெரிய விஷயம்தான். ஆனால் வாக்சல் (படத்தின் மிகச்சிறிய கட்டம்) 15 மைக்ரான் என்றால் அதைவிட மெல்லிய இடுக்கு படத்தில் இருக்காது. பாக்டீரியா ஒரு மைக்ரான். படம் சுத்தமாக இருப்பதால் பல் சுத்தமாக அடைபட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

எந்த முறையானாலும் தலைப்பில் 'சீலிங் எபிலிட்டி' என்று பெரிதாகப் போடாமல், அளந்தது எதுவோ அதை மட்டும் போடுங்கள். ரேயும் டிரோப்பும் 1995ல் 1010 பல்லின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, வேர்நுனி ஆரோக்கியத்துக்கு உள்ளே அடைத்ததைவிட மேலே போட்ட ஃபில்லிங்கின் தரமே அதிகம் பொருட்டாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். அதோடு எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சீலரை மட்டும் வைத்துப் பல்லின் தலையெழுத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு அது போதும்.

முதல்வருடப்பிஜி: (11 நாள் கழித்து)

நான்கு பாட்டில் வைத்தேன் அண்ணா. எட்டாம் நாள் கால்சியம் சிலிகேட் பாட்டில் கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். ஏஎச் பிளஸ் பாட்டிலும் வெறும் சாயமும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. துத்தநாக ஆக்சைடு கொஞ்சம் வெளிறியதோ என்று சந்தேகம், ஸ்பெக்ட்ரோ (நிற அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கைடு மேஜையில் நான்கையும் வரிசையாக வைத்தேன். எதுவும் பேசவில்லை. சிலிகேட் பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். 'போன பேட்ச்ல ஒருத்தி பயோசெராமிக் வெச்சு பண்ணாளே' என்றார் (அதுவும் கால்சியம் சிலிகேட் வகைதான்), அவ்வளவுதான். சாயங்காலம் கூப்பிட்டு, அந்தக் குமிழி செட்டப்புக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு லிஸ்ட் கேட்டார்.

நீலவிரல்:

20 மைக்ரோலிட்டர் கண்ணாடிக் குழாய், ஒரு பாக்கெட். நீளத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள், 65 மி.மீ. இருந்தால் குமிழி 1 மி.மீ. நகர்வது 0.3 மைக்ரோலிட்டர். அழுத்தத்துக்கு ரெகுலேட்டரோடு சிலிண்டர், ஓரல் சர்ஜரியில் காலாவதியாகிக் கிடக்கும், கேளுங்கள். ட்யூப் கெட்டியானதாக வாங்குங்கள், மெத்தென்ற ட்யூப் அழுத்தத்தில் உப்பும், குமிழி பொய் சொல்லும். ஏசியை ஒரே டிகிரியில் வையுங்கள்.

முதலில் பல்லை மாட்டாதீர்கள். பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டீல் கம்பியை ஒட்டி, முழு அழுத்தத்தில் மூன்று மணி நேரம் விடுங்கள். குமிழி அசையாமல் நின்றால் பல்லை எடுங்கள்.